பழைய லென்ஸ்களைப் புதிய கேமராவில் மாட்டி ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐம்பது வருடப் பழைய லென்ஸ் ஒன்றைப் பற்றி ஒருவர் "செம ஷார்ப்" என்கிறார், இன்னொருவர் "சுத்த வேஸ்ட்" என்கிறார். இரண்டு பேருமே உண்மைதான் சொல்கிறார்கள். ஆனால் இருவரும் பேசுவது அவரவர் கையில் இருக்கும் ஒரே ஒரு பீஸைப் பற்றி. தொழிற்சாலையை விட்டு வந்த அன்று அவை ஒன்றுபோலவே இருந்தன என்று வைத்துக்கொண்டாலும், அதற்குப் பிறகு ஒன்று ஈர அலமாரியில் பல வருடம் கிடந்திருக்கும், இன்னொன்று கீழே விழுந்திருக்கும், மூன்றாவதை யாரோ திறந்து கிரீஸ் மாற்றி ஏதோ ஒரு வகையில் மூடியிருப்பார்கள். அதனால் பழைய லென்ஸ் விஷயத்தில் பெயரையும் பெயரையும் ஒப்பிட்டுப் பயனில்லை. கையில் இருக்கும் பீஸை, நீங்கள் பயன்படுத்தும் கேமராவில், நீங்கள் பயன்படுத்தும் அடாப்டரோடு (லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் வளையம்) சேர்த்து ஒப்பிட வேண்டும். அதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: எது எதில் பொருந்தும்?

லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரத்தை ஃபிளாஞ்ச் தூரம் என்பார்கள். பழைய எஸ்எல்ஆர் கேமராக்களுக்குள், லென்ஸ் காட்டுவதை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் பிரதிபலிப்புக் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆடும். அதற்கு இடம் விட வேண்டியிருந்ததால் இந்தத் தூரம் அதிகம். எம்42 திருகு மவுன்ட்டிலும் பென்டாக்ஸ் கே மவுன்ட்டிலும் 45.46 மிமீ, நிக்கான் எஃப்பில் 46.5, ஒலிம்பஸ் ஓஎம்மில் 46, மினோல்டா எஸ்ஆரில் 43.5, கேனான் எஃப்டியில் 42. மிரர்லெஸ் கேமராக்களில் அந்தக் கண்ணாடியே கிடையாது என்பதால் தூரம் பாதிக்கும் குறைவு. சோனி இ மவுன்ட்டில் 18 மிமீ, நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20, ஃபூஜி எக்ஸில் 17.7, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் சுமார் 19.25.

இந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் அடாப்டரின் தடிமன். எம்42 லென்ஸைச் சோனி இ மவுன்ட்டில் மாட்ட 45.46இலிருந்து 18 போனால் 27.46 மிமீ. எஃப்டி லென்ஸுக்கு 24 மிமீ. நடுவில் வெறும் குழாய் இருந்தால் போதும், லென்ஸ் கண்ணாடி எதுவும் தேவையில்லை. மிரர்லெஸ் வந்த பிறகு பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்ததற்குக் காரணம் இந்தச் சின்னக் கழித்தல் கணக்குதான். ஆடும் கண்ணாடி உள்ள டிஜிட்டல் கேமராவான டிஎஸ்எல்ஆரில் இது எல்லாவற்றுக்கும் நடக்காது. கேனான் ஈஎஃப்பின் 44 மிமீயில் எம்42, நிக்கான் எஃப், ஒலிம்பஸ் ஓஎம் மூன்றும் பொருந்தும். கேனானின் சொந்த எஃப்டி லென்ஸ் பொருந்தாது, ஏனென்றால் அதன் தூரம் 42தான். நிக்கான் எஃப் உடலில் எம்42 லென்ஸை வெறும் வளையத்தோடு மாட்டினால் தொலைவில் இருப்பது ஃபோகஸே ஆகாது. அதைச் சரிசெய்ய நடுவில் லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டு. அவை படத்தின் தரத்தைக் கெடுக்கும். லென்ஸை ஒப்பிடும் வேலைக்கு அவற்றைத் தொடவே வேண்டாம்.

ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள், அதாவது ஆடும் கண்ணாடி இல்லாத பழைய ஃபிலிம் கேமராக்களுக்குச் செய்தவை, தனி ரகம். லைக்கா எம் 27.8 மிமீ, எம்39 திருகு 28.8 மிமீ. அடாப்டர் மெல்லியதாக இருக்கும், மொத்த அமைப்பும் கைக்கு அடக்கமாக இருக்கும். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஜூபிட்டர்-12 போன்ற சில லென்ஸ்களின் பின்பக்கக் கண்ணாடி உடலுக்குள் ஆழமாக நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கேமராவில் அது எங்கேயாவது இடிக்குமா என்று அளந்து பார்க்காமல் திருகாதீர்கள். இரண்டாவது, சென்சாருக்கு முன்னால் கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வைட் (அகலக் கோண) லென்ஸ்களிலிருந்து ஒளி மிகவும் சாய்வாக வருவதால், அந்தத் தகட்டைத் தாண்டும்போது ஓரங்கள் குழம்பிவிடும். ஃபிலிமில் ஓரம்வரை தெளிவாக இருந்த அதே லென்ஸ் டிஜிட்டலில் ஓரத்தில் தேய்த்துவிட்டாற்போல் தெரிய இதுதான் காரணம். லென்ஸ் கெட்டுப்போகவில்லை. இருந்தாலும் உங்கள் கேமராவில் கிடைக்கும் படம் அதுதான், ஒப்பிடும்போது அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

சென்சார் அளவும் முடிவை மாற்றும். ஃபிலிம் சட்ட அளவுள்ள ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 58 மிமீ லென்ஸ் 87 மிமீ போன்ற கோணத்தைத் தரும். லென்ஸ் வரையும் வட்டத்தின் நடுப்பகுதி மட்டும் பதிவாவதால் ஓரத்துக் குறைகள் தானாகவே போய்விடும், ஓரத்தில் இருந்த அழகும் கூடவே போய்விடும். ஆகவே ஃபுல் ஃப்ரேமில் எடுத்த படங்களை வைத்து, ஏபிஎஸ்-சி கேமராவுக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்க முடியாது.

படி 2: முதலில் அடாப்டரைச் சோதியுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. எம்42 லென்ஸுக்கு ஒரு அடாப்டர், மினோல்டாவுக்கு இன்னொன்று என்று வைத்து ஒப்பிட்டால், லென்ஸோடு சேர்த்து அடாப்டரையும்தான் ஒப்பிடுகிறீர்கள். அடாப்டரின் இரண்டு முகங்களும் இணையாக இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் மங்கும். பழி லென்ஸ் மேல் விழும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரே அடாப்டரில் இரண்டு மூன்று லென்ஸ்களை மாட்டி, தொலைவில் இருக்கும் காட்சியைப் படமெடுங்கள். எல்லாவற்றிலும் அதே பக்கம் மங்கினால் குறை அடாப்டரில், அல்லது கேமரா மவுன்ட்டில். லென்ஸுக்கு லென்ஸ் மங்கும் இடம் மாறினால் குறை லென்ஸில்.

அடுத்தது தடிமன். குழாய் கொஞ்சம் தடிமனாகிவிட்டால் முடிவிலி, அதாவது அடிவானம், நிலா போன்றவை ஃபோகஸ் ஆகாது. அதற்குப் பயந்து பல அடாப்டர்களைச் சற்று மெல்லியதாகவே செய்கிறார்கள். அப்போது முடிவிலிக் குறிக்கு முன்பே ஃபோகஸ் கிடைத்துவிடும், அதைத் தாண்டியும் வளையம் சுற்றும். சாதாரண 50 மிமீ லென்ஸுக்கு இதனால் பெரிய பாதகம் இல்லை, தூர எண்கள் பொய்யாகும், அவ்வளவுதான். ஆனால் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடிகளின் இடைவெளி மாறும்படி வடிவமைத்த வைட் லென்ஸ்களுக்கு இது உண்மையிலேயே கெடுதல், ஓரங்களின் தெளிவு குறையும்.

மூன்றாவது, அடாப்டரின் உட்சுவர். லென்ஸை மாட்டி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, பின்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். உட்சுவர் பளபளத்தால், எடுக்கும் படங்கள் எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் படலம் ஒன்று விழும். உள்ளே கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாள் ஒட்டினால் போதும், லென்ஸே மாறிவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு கான்ட்ராஸ்ட் (இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்) கூடும். ஒளி பாயும் வழியை ஒட்டுத்தாளின் விளிம்பு மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்42 லென்ஸ் வாங்குபவர்களுக்கு இன்னொரு குறிப்பு. ஆட்டோ, மேனுவல் சுவிட்ச் இல்லாத லென்ஸ்களில் பின்னால் இருக்கும் சின்ன ஊசியை அழுத்தினால்தான், ஒளி வரும் துளையைச் சுருக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் மூடும். உள்ளே ஊசியை அழுத்தும் விளிம்பு வைத்த அடாப்டர் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வளையத்தில் எஃப் 8 (சிறிய துளை) வைத்தாலும் எஃப் 2இலேயே (பெரிய துளை) எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்பீட் பூஸ்டர் என்னும் ஃபோகல் ரெடியூசர் அடாப்டருக்குள் கண்ணாடி இருக்கிறது. 0.71 மடங்கு வகை, கோணத்தை அகலப்படுத்தி ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சமும் கூட்டும். ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்களுக்கு நல்ல கருவிதான். ஒப்பிடும்போது மட்டும், அது இருக்கும் படங்களையும் இல்லாத படங்களையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள்.

படி 3: டார்ச் அடித்துப் பாருங்கள்

அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சின்ன எல்இடி டார்ச் அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். இந்தச் சோதனையில் எந்த லென்ஸும் சுத்தமாகத் தெரியாது, அதனால் பயப்பட வேண்டாம். தூசி எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. முன்கண்ணாடியில் ஓரிரு மெல்லிய கீறல்களும் அநேகமாகத் தெரியாது. பின்கண்ணாடிக் கீறல் அதைவிடக் கவலைக்குரியது, சென்சாருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கிளை கிளையாகப் பிரியும் மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. ஆரம்பத்திலேயே திறந்து துடைத்தால் போய்விடும். கண்ணாடி மேலுள்ள மெல்லிய கோட்டிங்கை அரித்துவிட்டிருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். கண்ணாடி முழுக்கச் சீரான வெண்படலம் தெரிந்தால் அது ஹேஸ், கான்ட்ராஸ்ட்டைத் தின்றுவிடும். ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் திட்டு பரவியிருந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை பிரிகிறது என்று பொருள். அதைச் சரிசெய்வது கடினம், அந்தப் பீஸை விட்டுவிடலாம்.

இதழ்களில் எண்ணெய் பட்டிருந்தால் என்ன செய்வது? கேமரா தானே இதழ்களை மூடும் பழைய உடல்களில் அது பெரிய பிரச்சினை, இதழ்கள் மெதுவாக நகரும். அடாப்டரில் நாம் கையாலேயே மூடிவைத்து எடுப்பதால் வேகம் முக்கியமில்லை. ஆனாலும் அந்த எண்ணெய் நாளடைவில் ஆவியாகி உள்கண்ணாடிகளில் படியும். இன்றைய எண்ணெய்தான் நாளைய ஹேஸ்.

திருகுகளின் தலையையும் பாருங்கள். சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறப்பது தப்பில்லை, ஆனால் கண்ணாடி திரும்பிக்கூட மாட்டப்பட்டிருக்கலாம். ஹீலியாஸ் என்னும் சோவியத் லென்ஸ்களில் பின்னணிச் சுழல் அதிகம் வரட்டும் என்று வேண்டுமென்றே முன்கண்ணாடியைத் திருப்பி மாட்டுபவர்களும் உண்டு.

சில லென்ஸ்களில் மஞ்சள் நிறம் ஏறியிருக்கும். வெள்ளைத் தாள் மேல் வைத்து உள்ளே பார்த்தால் தேநீர்க் கறை போலத் தெரியும். ஏழு கண்ணாடி அமைப்பில் வந்த பென்டாக்ஸின் சூப்பர் டாகுமர் 50 மிமீ எஃப் 1.4 இதற்குப் பெயர்போனது. ஒளிவிலகல் எண்ணைக் கூட்டுவதற்காகத் தோரியம் கலந்த கண்ணாடி வைத்தார்கள், அதன் கதிர்வீச்சே வருடக்கணக்கில் கண்ணாடியின் நிறத்தை மாற்றிவிட்டது. 1964இல் வந்த முதல் வடிவத்தில் எட்டு கண்ணாடிகள், தோரியம் கிடையாது. மஞ்சளைப் போக்க, பின்கண்ணாடி மேல் புற ஊதா எல்இடி விளக்கைச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை எரியவிட்டால் போதும், நிறம் வெளுத்துவிடும். வெயிலில் வைப்பதும் வேலை செய்யும், ஆனால் லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீப்பிடிக்க வைக்கும் என்பதை மறக்காதீர்கள். படமெடுப்பதால் வரும் கதிர்வீச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடியை உடைக்காமல், தேய்க்காமல், நேரடியாகக் கண்ணில் வைத்துப் பார்க்காமல் இருந்தால் சரி. மஞ்சள் ஏறிய பீஸை வெளுக்காமல் மற்றொன்றோடு ஒப்பிட்டால் வெளிச்சத்திலும் நிறத்திலும் அது தோற்கத்தான் செய்யும்.

படி 4: கேமராவைத் தயார் செய்யுங்கள்

மெனுவில் "லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்" என்ற விருப்பம் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். கேமரா உடலுக்குள் நடுக்கத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஃபோகல் தூரத்தை நீங்களே கொடுக்க வேண்டும். 58 மிமீ லென்ஸுக்கு 58 என்றே கொடுங்கள், 87 அல்ல. முக்காலியில் வைத்துச் சோதிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

ரா ஃபார்மட், மிகக் குறைந்த ஐஎஸ்ஓ, நிலையான வைட் பேலன்ஸ், மேனுவல் எக்ஸ்போஷர், இரண்டு விநாடி டைமர். கேமரா எந்த லென்ஸ், எந்த அப்பர்ச்சர் என்று பதிவு செய்யாது. அதனால் ஒவ்வொரு லென்ஸுக்கும் முன்னால் ஒரு காகிதத்தில் பெயரையும் எண்ணையும் எழுதி அதையே முதல் படமாக எடுத்துவிடுங்கள். அப்பர்ச்சர் வரிசையையும் மாற்றாதீர்கள்: முழுத் திறப்பு, 2.8, 4, 5.6, 8. இதைச் செய்யாதவர்கள் மாலையில் நூறு படங்களுக்கு முன்னால் உட்கார்ந்து எது எது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

கனமான டெலி லென்ஸ் என்றால் முக்காலியை லென்ஸைச் சுற்றியுள்ள காலர் வளையத்தில் மாட்டுங்கள். கேமரா மவுன்ட்டில் எடை தொங்கினால் அடாப்டர் வளையும்.

படி 5: தெளிவை ஒப்பிடுதல்

சுவரையோ செய்தித்தாளையோ படமெடுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதில் சிக்கல் இருக்கிறது. கேமரா சுவருக்கு நேராக இல்லாமல் ஒரு துளி சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் மங்கும். நேராக வைக்க, சுவரில் தட்டையாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டி, லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை கேமராவை நகர்த்துங்கள். எனக்கு என்னவோ சுவரைவிடத் தொலைதூரக் காட்சிதான் நம்பகமானது. நூறு மீட்டருக்கு அப்பால் சட்டத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் நுண்ணிய விவரம் இருக்கும் காட்சி, உதாரணத்துக்கு ஜன்னல்கள் நிறைந்த கட்டடங்கள், இலையில்லாத கிளைகள். வெயில் ஏறிய பிறகு வேண்டாம், வெப்பக் காற்று நடுங்கி எல்லா லென்ஸையும் ஒன்றாக மங்கடித்துவிடும். காலையில் எடுங்கள்.

ஃபோகஸை எந்த அப்பர்ச்சரில் செய்வது? எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே, திரையைப் பெரிதாக்கிப் பார்த்துச் செய்யுங்கள். சில லென்ஸ்களில், குறிப்பாகச் சோனார் என்னும் லென்ஸ் வடிவமைப்பில், அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் இடம் கொஞ்சம் நகரும். முழுத் திறப்பில் ஃபோகஸ் வைத்துவிட்டு எஃப் 4இல் எடுத்தால் லென்ஸ் மோசம் என்று நினைத்துவிடுவீர்கள். ஃபோகஸான இடத்தைத் திரையில் காட்டும் பீக்கிங் நிறக்கோடுகளை ஒப்பிடும் வேலைக்கு நம்ப வேண்டாம், அவை தோராயமானவை. ஒவ்வொரு அப்பர்ச்சருக்கும் ஃபோகஸை லேசாக முன்னும் பின்னும் நகர்த்தி மூன்று படம் எடுத்து, நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலை மங்கியிருந்தால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். அதே மூலையில் ஃபோகஸ் வைத்து இன்னொரு படம் எடுங்கள். இப்போது மூலை தெளிவாக வந்தால், லென்ஸின் ஃபோகஸ் தளம் வளைந்திருக்கிறது. அப்படிப்பட்ட லென்ஸ் ஆவணங்களை நகலெடுக்க ஆகாது, ஆனால் ஆட்களைப் படமெடுக்க அருமையாக இருக்கலாம். மறுபடியும் மங்கினால்தான் அது உண்மையான குறை. நான்கு மூலைகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் மங்கினால் கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. மூன்று லென்ஸ்களை ஒப்பிட்டால் அதில் ஒன்றாவது இப்படி இருப்பது சகஜம்.

ஓரங்களில் கிளைகளைச் சுற்றி ஊதாவும் பச்சையும் தெரிகிறதா என்றும் பாருங்கள். சட்டத்தின் ஓரத்தில் மட்டும் வந்து, அப்பர்ச்சரை மூடியும் போகாத நிறக்கோட்டை மென்பொருளில் ஒரே சொடுக்கில் நீக்கலாம். ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் வந்து, மூட மூடக் குறைவது வேறு வகை. அதை நீக்குவது கடினம். இரண்டாவதற்கு அதிக மதிப்பெண் கழியுங்கள்.

தெளிவும் கான்ட்ராஸ்ட்டும் ஒன்றல்ல. கோட்டிங் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த கோட்டிங் முறை இதைப் பெரிதும் குறைத்தது. பிற்பாடு பல அடுக்குக் கோட்டிங் வந்தது, பென்டாக்ஸின் எஸ்எம்சி 1971இல். பழைய ஒற்றைக் கோட்டிங் லென்ஸ் நுண்விவரத்தை நன்றாகவே பிடித்திருக்கும், ஆனால் கறுப்பு சாம்பலாக வெளுத்திருக்கும். பார்த்ததும் மங்கல் என்று தோன்றும். எல்லா ஃபைல்களிலும் கறுப்பு அளவைச் சமப்படுத்திவிட்டு மறுபடி பாருங்கள், வரிசை மாறும்.

எக்ஸ்போஷரிலும் ஒரு விஷயம். இரண்டு லென்ஸிலும் எஃப் 2 என்று எழுதியிருந்தாலும் உள்ளே வரும் வெளிச்சம் ஒன்றாக இருக்காது. ஷட்டரை மாற்றிப் பிரகாசத்தைச் சமப்படுத்துங்கள், எவ்வளவு மாற்றினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணே லென்ஸைப் பற்றிய தகவல்.

படி 6: குணத்தை ஒப்பிடுதல்

தெளிவு மட்டுமே வேண்டுமென்றால் புது லென்ஸ் வாங்கிவிடலாம். பழையதை நாம் தேடுவது அதன் குணத்துக்காக. ஆனாலும் இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலானோர் ஏனோதானோவென்று செய்கிறார்கள்: ஒரு லென்ஸைப் பூங்காவில், இன்னொன்றை மொட்டைமாடியில், மூன்றாவதை இரவில் எடுத்துவிட்டு பொக்கேயை, அதாவது ஃபோகஸுக்கு வெளியே இருப்பது மங்கும் விதத்தை, ஒப்பிடுகிறார்கள்.

பின்னணி மங்கும் விதம் மூன்று தூரங்களைப் பொறுத்தது: கேமராவிலிருந்து ஆள், ஆளிலிருந்து பின்னணி, லென்ஸின் ஃபோகல் தூரம். 50, 55, 58 மிமீ லென்ஸ்களை ஒப்பிட்டால் ஆளின் அளவு சட்டத்தில் ஒன்றாக வரும்படி கேமராவை நகர்த்துங்கள். ஆளும் பின்னணியும் நகரக்கூடாது. பின்னணியில் இலைகளின் இடைவெளியில் வானம் தெரியும் மரம் இருந்தால் நல்லது.

ஹீலியாஸ் 44-2இன் சுழல் பொக்கேயை எடுத்துக்கொள்வோம். ஸைஸின் பயோட்டார் 58 மிமீ எஃப் 2 வடிவத்தை ஒட்டிச் சோவியத் தொழிற்சாலைகளில் செய்தது, நான்கு குழுக்களில் ஆறு கண்ணாடிகள். முன்னால் இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்றில் வேண்டிய எண்ணை முன்கூட்டியே வைக்கலாம், மற்றது அந்த எண்ணுக்கும் முழுத் திறப்புக்கும் நடுவே தடையில்லாமல் சுற்றும். திறந்து ஃபோகஸ் செய், சுற்றி மூடு, எடு. பழகிவிட்டால் பார்க்காமலே கை செய்யும். ஓரத்தில் விழும் ஒளியை லென்ஸின் குழாயே பாதி மறைப்பதால் அங்கே ஒளிப்பொட்டுகள் வட்டமாக இல்லாமல் பூனைக்கண் வடிவில் நசுங்கும். எல்லாப் பூனைக்கண்களும் மையத்தைச் சுற்றி ஒழுங்காக நிற்பதால் பின்னணி சுழல்வது போலத் தெரியும். இதைப் பார்க்க எஃப் 2இல், ஆள் இரண்டு மூன்று மீட்டரில், மரங்கள் அதற்குச் சில மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். பின்னணி மிகத் தூரமாகப் போனால் சுழல் கரைந்துவிடும். ஏபிஎஸ்-சியில் பாதிக்குமேல் காணாமல் போகும். "என் ஹீலியாஸில் சுழலே வரவில்லை" என்று வருந்துபவர்களில் பலருக்குத் தூரம்தான் பிரச்சினை, லென்ஸ் அல்ல.

மேயர் ஆப்டிக் டிரையோப்ளான் 100 மிமீ எஃப் 2.8 வேறு மாதிரி. மூன்றே கண்ணாடிகள். பின்னணி ஒளிப்பொட்டு ஒவ்வொன்றுக்கும் பிரகாசமான விளிம்பு வரும், சோப்புக் குமிழி என்பார்கள். கோளப்பிறழ்ச்சியை (லென்ஸின் நடுவிலும் ஓரத்திலும் வரும் ஒளி ஒரே புள்ளியில் குவியாத குறையை) அளவுக்குமேல் திருத்தியதன் விளைவு அது. இதே லென்ஸில் முன்னணி மங்கல் மென்மையாக இருக்கும். ஆகவே பொக்கேயைப் பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் பாருங்கள்.

இதழ்களின் எண்ணிக்கையும் வேலை செய்யும். ஜூபிட்டர்-9 85 மிமீ எஃப் 2இல் 15 இதழ்கள் இருப்பதால் மூடினாலும் ஒளிப்பொட்டு வட்டமாகவே நிற்கும். ஆறு இதழ் லென்ஸ்களில் எஃப் 4இலேயே அறுகோணம் வந்துவிடும்.

ஃபிளேர் சோதனைக்கு ஒரு விளக்கைச் சட்டத்துக்குச் சற்று வெளியே, பிறகு மூலையில், பிறகு உள்ளே என்று மூன்று இடங்களில் வைத்து எடுங்கள். ஒரு முறை ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் குழாய்) இல்லாமல், ஒரு முறை ஹுட்டோடு. ஹுட் இல்லாமல் பழைய லென்ஸை வெயிலில் மதிப்பிடுவது நியாயமே இல்லை.

இரவில் சிறு விளக்குகளை மூலையில் வைத்து முழுத் திறப்பில் எடுத்தால், அவை சிறகு விரித்த பறவை போல நீள்கின்றனவா என்று தெரியும். இதைக் கோமா என்பார்கள். நட்சத்திரம் எடுக்கப்போவதில்லை என்றால் இதற்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 7: எந்த வகையில் எதை எதிர்பார்க்கலாம்?

50 மிமீ பக்கம்தான் பழைய லென்ஸ் உலகில் பாதுகாப்பான இடம். எஸ்எல்ஆர் உடலோடு சேர்த்தே விற்கப்பட்டதால் லட்சக்கணக்கில் செய்தார்கள், எல்லா நிறுவனங்களும் தங்கள் பெயரை அதில்தான் காப்பாற்றிக்கொண்டன. கேனான் எஃப்டி 50 எஃப் 1.4, மினோல்டா எம்டி 50 எஃப் 1.7, ஒலிம்பஸ் ஸுய்கோ 50 எஃப் 1.8, பென்டாக்ஸ்-எம் 50 எஃப் 1.7, கோனிகா ஹெக்ஸனான் 50 எஃப் 1.7 எல்லாம் எஃப் 5.6இல் ஏறத்தாழ ஒரே தெளிவைத்தான் தரும். நல்ல நிலையில் இருக்கும் பீஸ் எதுவோ அதை எடுங்கள். வித்தியாசம் முழுத் திறப்பில்தான். கையில் பிடிக்கும் சுகத்துக்கு டாகுமர் வளையம் சுற்றுவதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் கருத்து. நிக்கான் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் மற்ற பல லென்ஸ்களுக்கு எதிர்த்திசையில் சுற்றும், கலந்து வைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு அது இடைஞ்சல்.

135 மிமீ எஃப் 2.8, எஃப் 3.5 லென்ஸ்களும் ஏராளம். இன்று அந்தத் தூரத்தை யாரும் பெரிதாகத் தேடுவதில்லை, அதனாலேயே நல்ல பீஸ்கள் கிடைக்கும். 105 மிமீ எஃப் 2.5 நிக்கார் ஆட்களைப் படமெடுக்க இன்றும் முதல் வரிசை.

வைட் பக்கம் கவனம் தேவை. எஸ்எல்ஆர் கண்ணாடிக்கு வழிவிட, லென்ஸை ஃபிலிமிலிருந்து தள்ளிவைக்கும் ரெட்ரோஃபோகஸ் அமைப்பு 1950களில்தான் ஸ்டில் கேமராக்களுக்கு வந்தது, முதிர்ச்சி அடையப் பல வருடம் ஆனது. 28 மிமீக்கும் அகலமான 60களின் லென்ஸ்கள் ஓரத்தில் ஏமாற்றும். 35 மிமீயில் கார்ல் ஸைஸ் ஜெனா ஃபிளெக்டகான் எஃப் 2.4 போன்றவை பக்கத்தில் நெருங்கி எடுக்க உதவுவதால் நான் விரும்பிச் சொல்வேன். அந்தக் காலத்து ஜூம் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றை ஒப்பிடுவதற்குக்கூட நேரம் செலவிட வேண்டாம்.

படி 8: பெயர் தெரியாமல் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் படங்களையும் ஒரே அமைப்பில், ஷார்ப்பனிங் இல்லாமல், ஜேபெக் ஆக்குங்கள். வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து ஃபைல் பெயர்களை எண்களாக மாற்றச் சொல்லுங்கள், எந்த எண் எது என்ற பட்டியல் அவரிடமே இருக்கட்டும். முதலில் திரை முழுக்க வரும் அளவில் பாருங்கள், பிறகு 100 சதவீதத்தில். திரை அளவில் வித்தியாசம் தெரியாவிட்டால் 100 சதவீதத்தில் தெரிவதற்கு அதிக எடை கொடுக்காதீர்கள். பிடித்த படங்களை வரிசைப்படுத்திய பிறகுதான் பட்டியலைத் திறக்க வேண்டும். புகழ்பெற்ற பெயர்கள் கீழே இறங்குவதும், யாரும் பேசாத ஒரு ஹெக்ஸனான் மேலே ஏறுவதும் இங்கேதான் நடக்கும்.

தேர்ந்தெடுத்த லென்ஸின் சோதனைப் படங்களை அழிக்காமல் தனி ஃபோல்டரில் வையுங்கள், எந்த அடாப்டர், எந்தக் கேமரா என்ற குறிப்போடு. லென்ஸைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி வைத்தால் பூஞ்சை அண்டாது. லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினாலோ, அடாப்டரை மாற்றினாலோ, கீழே விழுந்து எழுந்தாலோ, அதே இடத்தில் அதே காட்சியை மறுபடி எடுத்து நான்கு மூலைகளையும் பழைய படத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு மூலை மாறியிருந்தால், முதலில் அடாப்டரைக் கழற்றி வேறொன்று மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் லென்ஸைச் சந்தேகப்படுங்கள்.